மாமனாரின் மீன் கறுத்த கதை

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் மாமனார் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "போட்டோல கொஞ்சம் வெளுப்பா தெரிஞ்சுது" என்பதுதான். என் நைனா சிரித்து மழுப்பினார். தொண்டூரில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போட்டுப் பிழைக்கிறவர், பெண்ணைப் பெற்றவர், வேறென்ன செய்வார். நான் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். அதை அவர்கள் யாரும் கேட்கவில்லை.

கல்யாணமாகி செஞ்சிக்கு வந்தபோது அந்த வீட்டில் மூன்று பேர்தான். உரக்கடை வைத்திருந்த மாமனார், கடையில் கூட இருந்த என் வீட்டுக்காரர், நான். மாமியார் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவர் போன பிறகு வீட்டுக்கு நேரம் சரியில்லை என்று யாரோ வாஸ்து பார்த்துச் சொல்ல, மாமனார் திண்டிவனத்திலிருந்து ஒரு மீன் வாங்கி வந்திருந்தார். ஃப்ளவர்ஹார்ன். ஒரு சாணுக்கு மேல் நீளம், தலையில் கொழுக்கட்டை மாதிரி ஒரு புடைப்பு, உடம்பெல்லாம் மிளகாய்ச் சிவப்பு, விலாவில் கறுப்பாக எழுத்து மாதிரிக் கிறுக்கல். அதில் ஓம் தெரிகிறது என்பார் மாமனார். எந்தக் கோணத்தில் பார்த்தும் எனக்குத் தெரிந்ததில்லை.

காலையில் எழுந்ததும் அவர் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன் தொட்டியைத்தான் பார்ப்பார். அதுவும் அவரைக் கண்டால் ஓடிவரும். அவர் விரல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போகும்.

நான் சீராகக் கொண்டுவந்த பீரோ எங்கள் அறை வாசலில் நுழையவில்லை. ஆளுயரக் கண்ணாடி பதித்த இரும்பு பீரோ. "ஹால்லயே இருக்கட்டும்" என்று மாமனார்தான் சொன்னார். தொட்டிக்கு எதிர்ச் சுவரில் அதை வைத்தார்கள். குறுகலான ஹால், இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் போகத்தான் இடம்.

பத்து நாளில் மீன் மாறத் தொடங்கியது. சிவப்பு மங்கி, உடம்பில் குறுக்குக் குறுக்காகக் கறுப்புப் பட்டை விழுந்தது. பிறகு மொத்தமாகவே கரி பூசியது போலானது. போட்ட தீனி அப்படியே மிதந்தபடி கிடக்கும். மாமனார் தண்ணீரை மாற்றினார், கல்லுப்பு போட்டார். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மூணு வருசமா செக்கச்செவேல்னு இருந்த மீனு. இவ வந்தா, இவ கலரு அதுக்கும் ஒட்டிக்கிச்சு."

என் வீட்டுக்காரர் ரசம் ஊற்றிக்கொண்டார். நான் ரசப் பாத்திரத்தைத் திரும்ப வாங்கி மூடினேன். மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமும் அதையே சொல்லிச் சிரித்திருக்கிறார். காய்கறிக்காரம்மா என்னிடமே கேட்டாள், "இன்னாம்மா, மீனுகூட உன்னப் பாத்துக் கறுத்துப் போச்சாமே?"

எனக்குக் காரணம் மூன்றே நாளில் தெரிந்துவிட்டது. அவர்கள் கடைக்குப் போனபின் தொட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். மீன் எதிரே இருந்த பீரோ கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் இன்னொரு மீன். செவுளை விரித்துப் பாயும், தொட்டிச் சுவரில் மூக்கு இடிக்கும், பின்வாங்கும், மறுபடி பாயும்.

கல்லூரி ஆய்வகத்தில் உயிருள்ள ஜிலேபி மீனின் செதிலை இடுக்கியால் பிடுங்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறோம். செதிலில் கறுப்பு அணுக்கள் கைகளை விரித்துக்கொண்டு நட்சத்திரம் நட்சத்திரமாக இருக்கும். ஒரு சொட்டு அட்ரினலின் விட்டால் கண் முன்னாலேயே அந்தக் கறுப்புத் துகள்கள் எல்லாம் நடுவில் ஒடுங்கி ஒரு புள்ளியாகிவிடும். செதில் வெளுத்துப் போகும். துகள் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. விரிந்தால் கறுப்பு, ஒடுங்கினால் வெளுப்பு. நரம்பு சொன்னால் நிமிஷத்தில் நடக்கும், ஹார்மோன் சொன்னால் நாள்கணக்கில் நிற்கும். இந்த வகை மீன்களில் பல, சண்டையில் தோற்றால் கறுத்துவிடும். நான் அடங்கிவிட்டேன், இனி அடிக்காதே என்று எதிரிக்குச் சொல்வது அது. ஜெயித்த மீன் அதைப் பார்த்து விலகிப் போகும்.

கண்ணாடியில் இருந்த மீன் விலகிப் போகவில்லை. இது கறுத்தால் அதுவும் கறுத்தது. ஆனால் இது நிமிரும்போதெல்லாம் எதிரே நின்றது.

பீரோ கண்ணாடி மேல் ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் மீன் தீனி எடுத்தது. ஐந்தாம் நாள் சிவப்பு தெரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மாமனார் சாப்பிட உட்கார்ந்ததும் நானே எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி, எதிரி, கறுப்பு அணு எல்லாம். இனி என் நிறத்தைப் பேசமாட்டார் என்று நினைத்தேன்.

அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப உன் சீருதான் காரணம்னு நீயே ஒத்துக்கிற" என்றார்.

"இல்ல மாமா, கண்ணாடி..."

"கண்ணாடி யாரு வூட்லேர்ந்து வந்துச்சு?"

மறுநாள் காலை என் நைனாவுக்குப் போன் போட்டு வரச் சொன்னார். நைனா பஸ் பிடித்து வந்து இறங்கும்போது வாசலில் குட்டியானை வண்டி நின்றது. பீரோவிலிருந்த என் துணிகள் போர்வையில் மூட்டையாகத் தரையில் கிடந்தன. தெருவில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள்.

நைனா கும்பிட்டபடியே கேட்டார். "இன்னா தப்பு பண்ணுச்சு சம்பந்தி, எம்பொண்ணு?"

"பொண்ண வெச்சிக்கிறோம். பீரோவ எடுத்துனு போ. வூட்டுக்கு ஆவல."

வண்டிக்காரனால் தனியாகத் தூக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்தார், அவர் கண்ணைக் காட்டவே உள்ளே போய்விட்டார். என் நைனாதான் தோளில் துண்டைச் சுருட்டி வைத்து, மகளுக்கு வாங்கிக் கொடுத்த பீரோவைத் தானே ஒரு பக்கம் தூக்கி வண்டியில் ஏற்றினார். கால் தடுமாறி ஒரு தடவை முட்டி போட்டார். தெருவில் ஒரு பையன் சிரித்தான். எழுந்து, என்னைப் பார்க்காமல் வண்டியில் ஏறிப் பின்னால் பீரோவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாய்த் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று எனக்கும் வண்டி திரும்பிய பிறகுதான் தோன்றியது.

இரண்டு வாரம் நான் எதுவும் செய்யவில்லை. மீன் நன்றாகச் சிவந்துவிட்டது. மாமனார் வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார். "பாத்தியா, பீரோ போனதும் எப்டி ஏறிடுச்சு கலரு!"

அதற்கடுத்த திங்கட்கிழமை, குளியலறை ஜன்னலில் இருந்த சவரக் கண்ணாடியை எடுத்து வந்து தொட்டியின் வெளிப்பக்கம் சாய்த்து வைத்தேன்.

மீன் வளர்க்கிறவர்கள் கண்ணாடி காட்டுவதுண்டு. போனில் எத்தனையோ வீடியோ இருக்கிறது. ஐந்து நிமிஷம் காட்டினால் கோபம் வந்து நிறம் ஏறும், அதற்கு மேல் காட்டாதே என்பார்கள். நான் பதினொரு மணிக்கு வைப்பேன், ஒரு மணிக்கு எடுப்பேன். ஒன்றரைக்குத்தான் அவர்கள் சாப்பிட வருவார்கள். அந்த இரண்டு மணி நேரமும் எதிரே பலகை போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன், கீரை ஆய்வேன். முதல் கால்மணி அது ஜொலிக்கும். அப்படி ஒரு சிவப்பை மாமனார்கூடப் பார்த்திருக்கமாட்டார். பிறகு மூச்சு வாங்கும். பிறகு பட்டை விழும். நான் கண்ணாடியை எடுத்து, துடைத்து, ஜன்னலில் வைத்துவிட்டு உலை வைப்பேன்.

ஒரு வாரத்தில் மீன் மறுபடியும் கறுத்தது. மாமனார் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பிறகு கிட்ட வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பீரோ இருந்த சுவரைத் தடவிப் பார்த்தார். வெறும் சுவர்.

நான் அவருக்கு இலை போட்டுவிட்டு மெதுவாகக் கேட்டேன். "சீருதான் போயிடுச்சே மாமா. இன்னும் ஏன் கறுக்குது?"

அவர் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் நாக்கில் ஊறிய ருசியை நான் மறக்கவில்லை. அதற்காகவே மறுநாளும் வைத்தேன்.

அந்த வருஷம் ஆடியில் மழையே இல்லை. மல்லாட்டை போட்டவர்கள் யாரும் உரம் வாங்க வரவில்லை. எல்லாருக்கும் வந்த கஷ்டம்தான். மாமனாருக்கு மட்டும் அது தொட்டிக்குள்ளிருந்து வந்தது. வாஸ்து சொன்னவர் வந்து தொட்டியை வடக்குப் பக்கம் மாற்றினார். சிங்கவரம் மலைக்கோயிலுக்குப் போய் வந்தார் மாமனார். சாப்பாடு இறங்கவில்லை. தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னாடா, இன்னாடா ஆச்சு உனுக்கு?" என்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். என்னை எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டார். அவர் இளைக்க இளைக்க எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

மீனின் தலைப் புடைப்பு வற்றியது. கீழுதடு இடித்து இடித்துக் கிழிந்து வெள்ளையாகத் தொங்கியது. நிறுத்தவேண்டும் என்று எனக்குத் தெரியும். படித்தவள், எவ்வளவு தாங்கும் என்று தெரிந்தவள். கடைசி நாட்களில் அது கண்ணாடிப் பக்கமே வராமல் மோட்டார் குழாய்க்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. நான் கண்ணாடியைக் குழாய்ப் பக்கம் நகர்த்தினேன்.

ஒரு புதன்கிழமை கண்ணாடியை வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போனேன். வரிசை நீளம். திரும்பி வந்தபோது மீன் அடியில் பக்கவாட்டில் கிடந்தது. செவுள் அசையவில்லை. கறுப்பெல்லாம் மெல்ல வடிந்து, என் கண் முன்னாலேயே அது சாம்பலாகி வெளுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடியை எடுத்து ஜன்னலில் வைத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

சாப்பிட வந்த மாமனார் தொட்டிக்குள் முழங்கை வரை விட்டு இரண்டு கையாலும் அதை அள்ளி எடுத்தார். சட்டையெல்லாம் தண்ணீர். மாமியார் படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, மடியில் மீனை வைத்துக்கொண்டு சத்தம்போட்டு அழுதார். புதுத் துண்டில் சுற்றிக் கொல்லையில் செம்பருத்திக்குப் பக்கத்தில் புதைத்தார். நான் மண்வெட்டி எடுத்துக் கொடுத்தேன். அவர் உடைந்துவிட்டார், இனி எழமாட்டார் என்று நினைத்தேன். கொஞ்சம் பயமாகவும் இருந்தது, நிறைவாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, இரண்டு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வாஸ்துக்காரர் போனில் சொல்லியிருக்கிறார்.

"நம்ம வூட்டுக்கு வர இருந்த கெடுதல எல்லாம் அது வாங்கிக்கிச்சாம்மா. அதான் அப்டிக் கறுத்திருக்குது. நம்மளக் காப்பாத்திட்டுத்தான் போயிருக்குது."

முகம் தெளிந்திருந்தது. எனக்குத் தோசைக்கல்லில் கை பட்டுக்கொண்டது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கொடுத்தது முழுவதையும் அந்த மீன் ஒன்றேதான் வாங்கியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொண்டூருக்கு வண்டியில் போகும்போது என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "மீனைச் சாகடிச்சது நான்தாங்க."

"யாரு, நீயா?" காற்றில் அவர் சிரித்தது கேட்டது. "கரப்பான்பூச்சிய அடிக்கவே என்னைக் கூப்புடுவ."

எப்படிச் செய்தேன் என்று முழுவதும் சொன்னேன். அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்து, திரும்பாமல், "சரி, வுடு. மீனுதானே" என்றார். அன்று முழுவதும் என் கையால் எதுவும் வாங்கிச் சாப்பிடவில்லை. நைனா வீட்டிலும் தண்ணீரைத் தானே மொண்டு குடித்தார்.

அடுத்த மாதம் மாமனார் புது மீன் வாங்கி வந்தார், முன்னதைவிடப் பெரிது. தொட்டியில் விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் இதப்பத்தி எல்லாம் படிச்சிருக்கியாமே. இத நீயே பாத்துக்கம்மா."

அவர் என்னை அம்மா என்று கனிவாகக் கூப்பிட ஆரம்பித்தது அந்த மீன் செத்த பிறகுதான். தீனி டப்பாவை என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். இப்போது இரண்டு வேளையும் நான்தான் தீனி போடுகிறேன். சவரக் கண்ணாடியை ஜன்னலைவிட்டு எடுப்பதில்லை. மாமனார் கடையிலிருந்து வந்ததும், "சாப்டுச்சா?" என்று கேட்பார். சாப்பிட்டது என்று சொல்வேன்.