ரிப்பன் வெட்டிய குழாய்

தன் சேவைகளைப் புத்தகமாக அச்சடிக்க, பிரதேச சபை உறுப்பினர் கண்டியிலுள்ள என் அச்சகத்துக்கு வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் நீட்டிய பழைய போட்டோவில் இருந்த நாளை நான் மறப்பேனா? மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக் குழாயை அவர் ரிப்பன் வெட்டித் திறக்கிறார்.

அன்று எனக்கு எட்டு வயது. தண்ணீர் கொட்டியது, கைதட்டினோம். அவருடைய ஜீப் வளைவில் மறைந்ததும் குழாய் காற்றாய்ச் சீறிவிட்டு நின்றது. மேட்டில், தேயிலைச் செடிகளுக்குப் பின்னால், குழாயோடு இணைத்த ஒரு பீப்பாய். மலை ஊற்று விழும் பீலியிலிருந்து தண்ணீரைச் சுமந்து வந்து அதில் ஊற்றியது என் அம்மா. “நாளைக்கே பைப் லைன் இழுத்துருவோம்” என்று அவருடைய ஆட்கள் அவளிடம் சொல்லியிருந்தார்கள். இழுக்கவே இல்லை. சாகும்வரை, பீலியிலிருந்து குடத்தோடு திரும்பும்போதெல்லாம் அம்மா அந்தக் குழாயைத் திருகிப் பார்ப்பாள். மூடிவிட்டு நடப்பாள்.

போட்டோவில் அவர் தலைக்கு மேலே, மேட்டில், அம்மா குடத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“என் மூஞ்சி பெருசா தெரியணும். மத்தத வெட்டிருங்க” என்றார்.

“முழுசா போட்டாத்தாங்க எடுப்பா இருக்கும். அட்டையிலயே போட்டுறலாம்.”

மாதிரி அட்டையில் தன் முகத்தை மட்டும் ரசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

புத்தகம் முதலில் எங்கள் லயத்துக்குத்தான் போகிறதாம். அங்கே என் அம்மாவைத் தெரியாதவர்கள் யாருமில்லை.