சித்தி அழக்கூடாத புத்தகம்

காதலும் சிரிப்புமாக, படிக்க லேசாக, முடித்தால் மனசுக்குத் தெம்பாக அடுத்து என்ன படிக்கலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறுகிறது. கேட்கிறவர்கள் பாவம், சாதாரணமாகத்தான் கேட்கிறார்கள். நான்தான் பத்து வயதிலேயே அந்த வேலையைப் பார்த்து அலுத்துப்போனவள்.

அப்போது நாங்கள் தண்டையார்பேட்டையில் இருந்தோம். அம்மாவின் தங்கை, என் சித்தி, மாசமாக இருந்ததால் எங்கள் வீட்டில் வந்து படுத்திருந்தாள். எழுந்து நடமாடக் கூடாது, மனசு கலங்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தைய பிரசவத்தில் சித்தி ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். பாப்பா எங்கே என்று நான் கேட்கப்போக, அம்மா என் வாயைப் பொத்தி வெளியே இழுத்துக்கொண்டு போனாள். பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நானும் மறந்துபோனேன்.

சித்திக்குக் காதல் நாவல் என்றால் உயிர். அதிலும் அழுமூஞ்சிக் காதல் ஆகாது. இரண்டு பேரும் முதல் அத்தியாயத்திலேயே முட்டிக்கொள்ள வேண்டும், நடுவில் ஆள் மாறாட்டக் குழப்பம் வர வேண்டும், கடைசியில் கல்யாணச் சாப்பாடு போட வேண்டும். கல்மண்டபம் மார்க்கெட் பக்கம் ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, அவற்றின் இடுக்கில் புகுந்து, புழுதியைத் தின்று, புத்தகம் மாற்றி வருவது என் வேலை. அந்தக் கடையில் படிக்கிற பெண்கள் படித்ததையே மறுபடி எடுக்காமல் இருக்கப் பென்சிலில் ஆளுக்கொரு அடையாளம் போட்டு வைப்பார்கள். சித்தியுடையது குட்டி மீன். இரண்டே மாதத்தில் காதல் தட்டு முழுக்க மீன் நீந்த ஆரம்பித்துவிட்டது. இனி என்ன எடுப்பது?

சித்தப்பா விசைப்படகில் கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். கிளம்பும்போது என் தோளைப் பிடித்துச் சொன்னார்: “பாப்பா, புக்குல எவனும் சாவக்கூடாது, இன்னா? உன் சித்தி கண்ணுல தண்ணி வந்துச்சின்னா வயித்துல கீற புள்ளைக்கு ஆவாது.” பிரசவம், ஆஸ்பத்திரி, கைக்குழந்தை எதுவும் வரக்கூடாது என்று அம்மா தன் பங்குக்குச் சேர்த்தாள். ஒரு குழந்தையின் உயிரை என் பையில் போட்டுத் தைத்துவிட்ட மாதிரி இருந்தது.

யோசனை சொல்ல மட்டும் ஆள் பஞ்சமே இல்லை. அப்பா, நல்ல இலக்கியம் என்று தடிமனாக ஒன்றைக் கொண்டுவந்தார். முதல் அத்தியாயத்திலேயே ஊரில் பஞ்சம், நான்கு பிணம். அம்மா மாதா கோயிலிலிருந்து ஒரு புனிதையின் சரித்திரம் வாங்கி வந்தாள். அவள் தலையை வெட்டுகிற இடத்தில், படித்துக் காட்டிய அம்மாவுக்குப் பக்தியில் முகம் மலர்ந்தது. சித்தி போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். எதிர்வீட்டு அண்ணன் தன்னம்பிக்கை நூல் என்று ஒன்று கொடுத்தார். விடிவதற்கு முன் எழுந்து ஓடு என்றது அது. கட்டிலை விட்டு இறங்கவே கூடாதவளிடம்! இந்த ஊர்க் கதைகளில் வருகிற ஒருவருக்கும் சாகாமல் சிரித்துக்கொண்டிருக்கத் தெரியாதா என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

கடைசியில் கடைக்கார அண்ணன் அன்றைக்குத் திரும்பி வந்த புத்தகங்களிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். முதல் பக்கத்தில் யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்: ‘செம சிரிப்பு. கடைசியில் கல்யாணம். நம்பி எடுக்கவும்.’ பின்னால் வருகிறவர்களுக்கு இப்படி எழுதி வைப்பது அந்தக் கடைப் பெண்களின் வழக்கம். அவர்கள் பொய் எழுதி நான் பார்த்ததில்லை. கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தேன். மாலை, பந்தி, பாயசம். போதும் என்று வாங்கி வந்தேன். நடுவில் படித்துப் பார்க்க எனக்குப் பொறுமை தீர்ந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் சித்தி கட்டில் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரொம்பச் சிரிக்காதே என்று அம்மா அடுப்படியிலிருந்து அதட்டினாள். எனக்கு மனசு நிறைந்துபோனது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால், சித்தி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள்.

அம்மா ஓடி வந்து புத்தகத்தைப் பிடுங்கிப் படித்தாள். கதாநாயகியின் அக்கா ஒருத்தி, புத்தகத்தில் எல்லாரையும் சிரிக்க வைப்பவளே அவள்தான். நட்டநடுவில் அவளுக்குக் குழந்தை இறந்து பிறக்கிறது. என் முதுகில் பளாரென்று ஒன்று விழுந்தது. இப்போதே கொண்டுபோய்க் கடையில் வீசிவிட்டு வா என்றாள் அம்மா. வலியை விட எனக்குப் பயம்தான் அதிகம். சித்தியின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சித்தி கையை நீட்டினாள். “குட்துருக்கா. நான் முழுசா படிக்கணும்.”

அம்மா மாட்டேன் என்றாள். சித்தி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“செத்த பாப்பாவுக்கு அவ ஒரு பேரு வச்சிகீறாக்கா. அந்தப் பேர சொல்லி அவ வூட்ல எல்லாரும் பேசறாங்க. நான் இன்னா பேரு வச்சிகினு இருந்தேன்னு நீங்க ஒருத்தரும் என்னைக் கேக்கலயே.”

அம்மா புத்தகத்தைச் சித்தியின் மடியில் வைத்தாள். அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்: “இன்னா பேருடி?”

“ஜாஸ்மின்.”

அதைச் சொன்னதும் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். சித்திக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. தம்பி மாதம் நிறைந்து, நல்ல எடையோடு பிறந்து, இன்று என்னிடமே எதிர்த்துப் பேசுகிறான். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அழக்கூடாது, அழக்கூடாது என்று சொல்லி என்னை லாரிகளுக்கு நடுவே அலைய விட்டவர்கள், அடியும் கொடுத்துவிட்டு, இப்போது சேர்ந்து உட்கார்ந்து அழுகிறார்கள். சித்தியோ அழுதுமுடித்த கையோடு புத்தகத்தைப் பிரித்து, அந்த அக்கா தங்கை கல்யாணத்தில் அடிக்கிற கூத்தைப் படித்து மறுபடி சிரிக்கிறாள்.

ஜாஸ்மின் யார் என்று கேட்டேன்.

“உன் தங்கச்சி” என்றாள் சித்தி.

எனக்கு ஏது தங்கச்சி? கதை படித்துப் படித்து இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, முதுகைத் தேய்த்தபடி தெருவுக்கு விளையாடப் போனேன்.