பூங்காச் சுவரில் அம்மா

அறுபதுகளின் கடைசியில், தர்மபுரியில் எங்கள் வீட்டுக்குப் பின்புறம் ஒரு பூங்கா இருந்தது. சாயங்காலமானால் அங்கே கம்பத்தின் மேல் ரேடியோ பாடும். கொல்லையில் பாத்திரம் தேய்க்கும் அம்மா கையை நிறுத்திவிட்டு, தலையை இடப்பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். எப்போதாவது, "ஒரு நாளு அங்கயே போயி ஒக்காந்து கேக்கலாங்களா?" என்பாள்.

"அதான் வூட்டுலயே கேக்குதே" என்பார் அத்தா. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்கத்தான் செய்தது.

அந்தப் பூங்காவின் சுவரில் படம் வரையும் வேலை, கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்த என் மாமாவுக்குக் கிடைத்தது. அம்மாவின் தம்பி. மயிலும் தாமரையும் வரும் என்று ஊரே எதிர்பார்த்தது. மாமாவோ ஒரு வாரம் புல்தரையில் சும்மா உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரை வேடிக்கை பார்த்தார். பிறகு, ரேடியோவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஜனங்களை அப்படியே வரைந்தார், எல்லாரையும் முதுகுப்புறமாக. எங்கள் முஸ்லிம் வீடுகளில் முகம் வரைகிற வழக்கம் இல்லை.

முதுகை வைத்து யாரைக் கண்டுபிடிப்பது என்று முதலில் சிரித்தார்கள். மறுநாளே சுவருக்கு முன்னால் கூட்டம். கடலை விற்கிறவர் தன் கூன் முதுகைக் காட்டிக் காட்டிப் பூரித்துப்போனார். அத்தாவோடு போன நான் என்னைத் தேடினேன். தினமும் அங்கே விளையாடுகிற நான் இல்லை. ஆனால் ஓரத்து பெஞ்சில், முக்காடு போட்ட தலையை இடப்பக்கம் சாய்த்தபடி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தா, இது நம்ம அம்மா! அம்மா இங்க வந்ததே இல்லியே. மாமா தப்பா வரஞ்சிட்டாரு!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

மாமா பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, நிமிராமல், "தப்புன்னா சொல்லுங்க மச்சான், அழிச்சிடறேன்" என்றார்.

அத்தா சுவருக்குக் கிட்டே போய் அந்த பெஞ்சைப் பார்த்தார். பிறகு, "அழிக்க வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் அம்மா துப்பட்டி போர்த்திக்கொண்டு எங்களோடு பூங்காவுக்கு வந்தாள். சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேராக ஓரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியதும் தலை இடப்பக்கம் சாய்ந்தது. எனக்கு அப்படியொரு நிம்மதி. மாமாவின் மானத்தைக் காப்பாற்றத்தான் அத்தா அம்மாவை அழைத்து வந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

படம்தான் அன்றைக்கே சரியாகிவிட்டதே, அப்புறமும் வாராவாரம் ஏன் போகிறோம் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.