கால் வைத்த திருக்கை

சங்கு எடுக்கக் கடலில் முங்கியிருந்த அண்ணனுக்கு ஒருநாள் படகிலிருந்து வரும் குழாயில் காற்று நின்றுபோனது. அவ்வளவு ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஆனமட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மதினி மீன் கம்பெனி வேலைக்குப் போகத் தொடங்கியதால், பகலில் அவனை மாப்பிள்ளையூரணியில் என் வீட்டில் கொண்டுவந்து விடுவாள்.

பீங்கான் வேலைதான் என் பிழைப்பு. பின்கட்டில் சூளை. ஓட்டல்களுக்குக் கோப்பையும் சாடியும் செய்து கொடுப்பேன். அண்ணன் கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருப்பான். பேச்சு அநேகமாக நின்றுவிட்டிருந்தது. ஒருநாள் கையை நீட்டினான்.

"ஏளா, கொஞ்சம் மண்ணு தா."

மாலைக்குள் ஒரு திருக்கை மீன் செய்திருந்தான். வாலும் முதுகுப் புள்ளிகளும் அச்சு அசல். அடியில் மட்டும் நான்கு காளைக்கால்கள், குளம்போடு. மறுநாள் ஆட்டுக்கால் வைத்த ஆமை. அப்புறம், கொக்கின் காலில் நிற்கும் சுறா. மதினி ஒரு சாயங்காலம் அவற்றைப் பார்த்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

சூளையில் வைத்தபோது எல்லாவற்றுக்கும் கால் ஒடிந்தது. மேல் பாரத்தை அவை தாங்கவில்லை.

"அண்ணே, படுத்தமாதிரி செய்யேன். ஒடியாது" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். "படுத்துக் கெடக்கத நான் எதுக்குளா செய்யணும்?"

அதன்பிறகு வயிற்றுக்கடியில் அதே மண்ணால் முட்டுக்கொடுத்துச் சுட்டுப் பார்த்தோம். பலமுறை கெட்டது. கடைசியில் ஒரு பெரிய திருக்கை விரிசலில்லாமல் வெளியே வந்தது. முட்டுகளை உருவினேன். அண்ணன் அதன் முழங்காலில் விரல் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தான்.

"நிக்குதுல்லா?" என்றான்.

"நிக்குதுண்ணே."

அடுத்த மழைக்காலத்தில் படுக்கைப்புண்ணில் கிருமி ஏறி அவன் இறந்துபோனான். அடக்கத்துக்கு வந்தவர்களில் அவனோடு முங்கினவர்களும் இருந்தார்கள். பொம்மைகளைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்று பயந்தேன். யாரும் சிரிக்கவில்லை. காற்று நின்ற அன்று அவனைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் படகில் கிடத்தியவர், கால் ஒடிந்த சுறாவைக் கேட்டு வாங்கி, துண்டில் சுற்றி எடுத்துப் போனார்.

திருக்கையை மதினி தன் வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த பங்குச் சாமியார் அதைக் கண்டு, "இது என்ன மிருகம்?" என்று கேட்டாராம்.

"எங்க வீட்டுக்காரரு செஞ்சது சாமி" என்று மட்டும் சொன்னாளாம். அவர் அதன்மேலும் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார்.