இருவர் ஓட்டும் வண்டி

"இரு... இரு... லாரி வருது... இப்ப விடு!"

ரொட்டி வேனின் இடது இருக்கையிலிருந்து கழுத்தை வெளியே நீட்டிக் கத்துகிறார் நும்பி அண்ணன். ஓட்டுகிற போனிஃபேஸ் சிரிக்கிறான்.

"அண்ணே, எனக்கு ரோடு நல்லாத் தெரியுது. அங்கேர்ந்து பாத்தா உங்களுக்குப் புல்லுதான் தெரியும். தலைய உள்ள இழுங்க."

அவன் சொல்வது சரிதான். ஜாம்பியாவில், எங்கள் கிட்வேயில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கிறது. முன்னால் போகும் லாரியைத் தாண்டி எதிரே வருவதை ஓட்டுநரே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நும்பி அண்ணன் இருபத்திரண்டு வருடம் ஓட்டியது எல்லைக்கு அந்தப் பக்கம், காங்கோவின் லுபும்பாஷியில். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. தெற்கிலிருந்து வரும் பழைய வண்டிகள் பலவற்றில் ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஓட்டுநருக்கு லாரியின் முதுகு மட்டுமே தெரியும். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொன்னால்தான் முந்தலாம். அது மனைவியாக இருக்கலாம், பாதிரியாராக இருக்கலாம், வழியில் ஏறிய அந்நியராகவும் இருக்கலாம்.

"தனியா வண்டி ஓட்டுறவன் பைத்தியக்காரன்" என்பார் அண்ணன்.

இங்கே பேக்கரியில் அவர் ரொட்டித் தட்டு தூக்குகிறார். தட்டு தூக்கினாலும் இஸ்திரி போட்ட பேன்ட்தான். சாலை விதிப் புத்தகத்தை ரொட்டிப் பையில் சுற்றி வைத்திருக்கிறார். எங்களோடு ஸ்வாஹிலியையும் எங்கள் பெம்பா மொழியையும் கலந்து பேசிச் சமாளித்துவிடுவார். ஆனால் இங்கே ஓட்டுவதற்கான லைசென்ஸ் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கும். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமோ அந்தப் புத்தகத்தில் இருப்பது மட்டும்தான். தட்டோடு வரும்போது "முன்னுரிமை தருக!" என்பார். ரொட்டி எடுக்க நான் கை நீட்டினால் "நுழையாதே!" என்பார். பள்ளி முடித்துவிட்டுத் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் நான் அங்கே ரொட்டிக்கு உறை போடுகிறேன். உள்ளே போகவும் வெளியே வரவும் எனக்கு அவருடைய உத்தரவு வேண்டும்.

எழுத்துத் தேர்வில் அவர் முழு மதிப்பெண் வாங்கினார். சாலைத் தேர்வில் இரண்டு முறை தோற்றார். இரண்டு முறையும் முன்னால் ஒரு கரி லாரி ஊர்ந்தது. இரண்டு முறையும் அவர் பக்கத்திலிருந்த தேர்வாளரிடம் புத்தக ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார்: "எதிரே வாகனம் வருகிறதா, ஐயா?" தேர்வாளர் உதவக் கூடாது என்பது விதி. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் லாரிக்குப் பின்னாலேயே ஊர் எல்லை வரை போனார். தாளில் 'முடிவெடுக்கத் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது.

"பக்கத்துல ஒரு மனுஷன் இருக்காரு. கண்ணு இருக்கு, வாயும் இருக்கு. கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. இது என்ன மரியாதை, தங்கச்சி?" என்று என்னிடம் நியாயம் கேட்டார்.

பேக்கரிக்காரம்மா சின்கலா நியாயம் பார்க்கிற ஆள் இல்லை. "நும்பி, வெள்ளிக்கிழமை புது வேன் வருது. அதுக்குள்ள லைசென்ஸ் காட்டினா சாவி உங்களுக்கு. இல்லேன்னா வேற ஆளப் பாத்துக்கறேன். நீங்க தட்டே தூக்கிட்டு இருங்க."

போனிஃபேஸ் யோசனை சொன்னான். "அந்த ஆள மாவு மூட்டைன்னு நெனச்சுக்கங்க அண்ணே. மூட்டைகிட்ட யாராச்சும் வழி கேப்பாங்களா?"

"மூட்டை கண்ணாடி போட்டிருக்கேடா."

"பாத்தும் பேசாத மூட்டை."

வியாழக்கிழமை மூன்றாவது தேர்வு. தேர்வாளர் அதே ஆள். அன்று எனக்கும் லைசென்ஸ் தேர்வு; அடுத்து ஓட்ட வேண்டியவள் என்பதால் நான் பின் இருக்கையில் இருந்தேன். சந்தை தாண்டியதும் செம்புத் தகடு ஏற்றிய நீளமான லாரி ஒன்று முன்னால் வந்து சேர்ந்தது. அண்ணன் வேகத்தைக் குறைத்தார். அவர் தலை பழக்கத்தில் தேர்வாளர் பக்கம் பாதி திரும்பியது. வாயும் திறந்தது. தேர்வாளர் பேனாவைத் தாளுக்குக் கொண்டுபோனார்.

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். வண்டியை வலப்பக்கம் சற்றே விலக்கிப் பார்த்தார். சாலை காலியாக இருந்தது. திரும்பி வந்தார். நம்பாமல் மறுபடியும் பார்த்தார். அப்போதும் காலிதான். விளக்கைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, கியரை மாற்றி, அந்த நீளமான லாரியை ஒரே மூச்சில் முந்தி இடப்பக்கம் வந்து சேர்ந்தார். ஆடாமல் அசங்காமல் வந்தது வண்டி.

பெருமூச்சு விட்டார். லுபும்பாஷியில் முந்தி முடித்ததும் வழி பார்த்துச் சொன்னவருக்கு நன்றி சொல்லாமல் யாரும் மேலே போவதில்லை. அண்ணனின் இடது கை கியரிலிருந்து நழுவி, தேர்வாளரின் முழங்காலை அன்பாக இரண்டு முறை தட்டியது.

"ரொம்ப நன்றிங்க" என்றார் ஸ்வாஹிலியில்.

அலுவலக முற்றத்தில் வண்டி நின்றது. தேர்வாளர் தாளை எடுத்து, முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை பேனா நுனியை நிதானமாக ஓட்டிப் பார்த்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். முழங்காலுக்கு எங்கும் கட்டம் இல்லை. பிறகு இரண்டு கால்களையும் கதவோரம் ஒதுக்கிக்கொண்டு, 'தேர்ச்சி' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.