வெளியே வந்து ஆடிய ஆஸ்டின்

மூக்கண்டப்பள்ளியில் ஆஸ்டின் கோல்கீப்பராக நின்ற நாட்களில் எதிரணிக்காரர்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது: இவன் கோல் காக்க வந்தவனா, கோல் போட வந்தவனா? பந்து நடுமைதானத்தைத் தாண்டியதுமே வலையை அநாதையாக விட்டுவிட்டு ஓடி வருவான். எதிராளியின் காலுக்கடியில் தலையைக் கொடுத்துப் பந்தை அள்ளுவான்.

"டேய், வூட்டுக்குப் பூட்டு போட்டுட்டு வந்தியா?" என்று ஓரத்தில் நிற்பவர்கள் கத்துவார்கள்.

"திருடன ரோட்டுலயே புடிச்சிட்டா பூட்டு எதுக்குண்ணா?" என்பான்.

அந்தத் துணிச்சலைப் பார்த்துத்தான் பெங்களூரு கிளப் ஒன்று அவனைச் சம்பளத்துக்கு எடுத்தது. அவன் அக்கா ஃபெபா உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். மயிரிழை பிசகினாலும் பொருளை ஒதுக்கிவிடுகிற கண். தம்பியின் ஆட்டமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நாற்பத்தோரு ஆட்டங்களில் நூற்றுப் பதினெட்டு முறை வெளியே வந்திருக்கிறான். ஏமாந்தது ஒன்பதே முறை. கேன்டீனில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

மூன்றாம் ஆண்டில் ஒருவனுடைய பூட்ஸ் ஆஸ்டினின் நெற்றிப்பொட்டில் இறங்கியது. இரண்டு நாள் நினைவில்லை. கண் விழித்தவனிடம் ஃபெபா கேட்டது ஒன்றுதான்.

"இனிமே அப்படிப் போய் விழாத. கோல்லயே நில்லு. சரின்னு சொல்லு."

"அப்புறம் நான் எதுக்குக்கா?"

"நீ எனக்கு வேணும்டா."

"சரி."

அவர்கள் வீட்டில் சத்தியம் செய்யும் வழக்கமில்லை. கூடாது என்று சபையில் போதித்திருந்தார்கள். அதனால் வெறும் 'சரி'யே சத்தியத்துக்குச் சமம். அது தெரிந்துதான் கேட்டாள்.

ஒப்பந்தம் முடியும் சீசனின் கடைசி ஆட்டம். ஃபெபா கேலரியில் இருந்தாள். நீண்ட பந்து ஒன்று தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி விழுந்தது. பழைய ஆஸ்டினுக்கு அது லட்டு. புறப்பட்டான். நான்கு எட்டு வைத்தான். நின்றுவிட்டான். எதிராளி நிதானமாகப் பந்தை அவன் தலைக்கு மேலே தூக்கி வலைக்குள் போட்டான்.

ஏன் நின்றாய் என்று பயிற்சியாளர் கேட்டபோது, "தப்பா கணிச்சிட்டேன் சார்" என்றான். அக்காவின் பேரை எடுக்கவே இல்லை. கிளப் அவனை விட்டுவிட்டது.

அவன் தப்பாகக் கணிக்கிறவனல்ல என்று ஃபெபாவுக்குத் தெரியும். போன ஆகஸ்டில் பெங்களூருவிலேயே வேறொரு கிளப் அவனைத் தேர்வுக்கு அழைத்தது. கிளம்பும்போது, "நான் அன்னிக்கு சொன்னத வுட்ருடா. உன் இஷ்டத்துக்கு ஆடு," என்றாள். சிரித்துத் தலையாட்டினான்.

தேர்விலும் அப்படியே ஒரு பந்து வந்தது. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து ஃபெபா தன்னை மறந்து, "போடா! போ!" என்று கத்தினாள். ஆஸ்டின் காலை எடுத்தான். எடுத்த இடத்திலேயே வைத்தான். பந்து அவனைக் கடந்து வலைக்குள் போயிற்று. கிளப்காரர்கள் அடுத்த பையனைக் கூப்பிட்டார்கள்.

திரும்பும் பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டியது.

"நீ வுட்டுட்டக்கா," என்றான் மெல்ல. "கால்தான் வுட மாட்டேங்குது."

உயிரோடு, முழுசாக, ஃபெபாவின் பக்கத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். அன்று அவள் கேட்டதும் அதுதான். வாய்விட்டு அழக்கூட அவளுக்கு நியாயம் இருக்கவில்லை.