செலோடேப் ஒட்டின பாட்டு

ரொம்ப நேரம் ஓடின கேசட் ரேடியோவுல இருந்து ஒரு வாசம் வருமே, பிளாஸ்டிக் சூடேறின மாதிரி... எனக்கு மலேசியாவுல நான் இருக்கிற பிறை டவுனுன்னாலே அந்த வாசம்தான்.

ஃபேக்டரில சேர்ந்த புதுசு. நானும் பிரான்சிஸும் ஒரே லைன்ல வேலை, ஒரே வாடகை ரூம். ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் சட்டையக்கூட கழட்டாம அவன் போடுறது ஒரே ஒரு இங்லீஷ் ராக் கேசட். முதல்ல எனக்கு அது காட்டுக்கத்தல். அப்புறம் அது இல்லாம சோறு இறங்காது!

ஒருநாள் ரேடியோ டேப்பைத் தின்னுடுச்சு. கசங்கின துண்ட பிளேடால வெட்டிட்டு, மிச்சத்த செலோடேப் போட்டு ஒட்டினான் பிரான்சிஸ். கடைசிப் பாட்டுல கிட்டார் மட்டும் தனியா வர்ற இடம் பூரா போச்சு. ஒரு வரி முடிஞ்சதும் டக்குனு அடுத்த வரிக்குத் தாவும்.

நாங்களும் கூடவே தாவுவோம்.

கம்பெனி டின்னர்ல மேடையேறி அதே பாட்டப் பாடினோம். பேண்ட்காரங்க கிட்டார் வாசிக்க ஆரம்பிக்கிறாங்க, நாங்க தாவிட்டோம். சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"என்னப்பா, நடுவுல காணோம்?"

"எங்க ரூம்ல பாட்டு இப்படித்தான் அண்ணே"ன்னான் பிரான்சிஸ், கொஞ்சங்கூட கூச்சமில்லாம.

அப்புறம் அவன் கல்யாணம் கட்டி ஆஸ்திரேலியாவுல பெர்த்துக்குப் போயிட்டான். என் பிள்ளைங்க கோலாலம்பூர்ல. வீட்டுக்காரி காலமாயிட்டா. இப்ப வீட்டுல பேசுறது டிவி மட்டும்தான்.

போன வாரம் எதிர்க்கரை பினாங்குத் தீவுல, ஜார்ஜ்டவுன் ஃபெஸ்டிவல்ல ஒரு ஜாஸ் ஃபங்க் குழு அந்தக் கேசட்டுல இருந்த ஆல்பத்த முழுசா, அவங்க பாணில வாசிக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன். பட்டர்வொர்த்ல ஃபெரி ஏறிட்டேன். தனியாத்தான்.

கிட்டார் இருந்த இடமெல்லாம் சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும். பேஸ் துள்ளுது. பாதி நேரம் எந்தப் பாட்டுன்னே பிடிபடல, ஆனா கால் தானா ஆடுது லா.

கடைசிப் பாட்டு வந்துச்சு. போன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிட்டே கூட்டத்தோட நானும் பாடினேன். அந்த வரி முடிஞ்சுது...

தாவிட்டேன். நல்ல சத்தமா!

மத்தவங்க எல்லாரும் வாய மூடி சாக்ஸபோனக் கேக்குறாங்க. பக்கத்துல நின்ன சீனப் பொண்ணு திரும்பிப் பாத்து சிரிச்சுச்சு. வெக்கமா இல்ல. அத்தன கூட்டத்துல என்கூட தாவ ஒரு ஆள் இல்லையேன்னுதான் இருந்துச்சு.

திரும்பும்போது ஃபெரியில இருந்து அந்த வீடியோவ பிரான்சிஸுக்கு அனுப்பினேன். கரை வர்றதுக்குள்ள பதில் வந்துச்சு.

"சூப்பர் லா மச்சான்! ஆனா நீ ஏன் நடுவுல அவசரப்பட்டுப் பாடுற?"

அப்ப இருந்தது ஒட்டுப்போட்ட கேசட் ஒண்ணு, கேக்க ரெண்டு பேரு. இப்ப போன்ல எந்தப் பாட்ட வேணும்னாலும் முழுசாக் கேக்கலாம். அவனும் முழுசாவே கேட்டுப் பழகிட்டான் போல.



"சும்மாதான் லா"ன்னு பதில் போட்டுட்டு இறங்கிட்டேன்.